ஒரு வீட்டுக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி

முன்னொரு காலத்தில் மருதவளநாடு என்றொரு நாட்டை வல்லபபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாவும் இருந்தார், பிராட்பேண்டும் இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தலையில் கிரீடம், கையில் செல்போன், இரண்டையும் இறக்கி வைக்காமலே தூங்குவார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் சொன்னது மதியத்துக்குள் மாறிவிடும்.

ஒருநாள் அரசவையில் ராஜா அறிவித்தார்: "இணைய வசதி இல்லாத ஊருக்கு லைன் இழுக்கக் கஜானாவிலிருந்து மானியம் தரப் போகிறேன். யாருக்கு வேண்டும்?"

குருவிமலை நர்ஸ் பொம்மி முன்னால் வந்து கும்பிட்டாள். "எங்க மலைக்கு வேணும் மகராசா. அங்க டாக்டர் கிடையாது. புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு வலி எடுத்தா டோலி கட்டித்தான் கீழ தூக்கியாறோம். பாதி வழியில என்ன ஆகுமோன்னு உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வரணும். லைன் வந்தா டவுன் டாக்டரம்மாகிட்ட செல்லுல காட்டிக் கேட்டுக்குவேன். என் தங்கச்சிக்கே மாசி மாசம் நாள் குறிச்சிருக்கு. பயமா இருக்கு."

அவளை அழைத்து வந்தவர் அமைச்சர் செங்கமலம். அந்த அம்மாள் எதைச் செய்தாலும் இணையத்துறைத் தலைவர் திருமேனிநாதருக்கு வயிறு எரியும். திருமேனிநாதர் உடனே எழுந்து ஒரு வரைபடத்தை விரித்தார். நாடு முழுக்கப் பச்சை.

"அரசே, பச்சை அடித்த இடமெல்லாம் லைன் போன இடம். குருவிமலையும் பச்சைதான்."

"எங்க ஊர்ல யார் வீட்டுக்குங்க வந்திருக்கு?" என்றாள் பொம்மி.

"அடிவாரத்தில் ஒரு வீட்டுக்கு. ஒரு வீட்டுக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. அதுதான் துறையின் விதி."

"கேட்க நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் ராஜா. "அப்படியானால் மானியம்?"

"தலைநகரில் என் தெருவுக்கு ஒரே ஒரு லைன்தான் இருக்கிறது, அரசே. மழை பெய்தால் கொஞ்சம் திக்குகிறது. இரண்டாவதாக ஒன்று போட்டால்..."

செங்கமலம் எழுந்தார். "அந்த விதியே தவறு, அரசே."

"விளக்கவுரை வேண்டாம், எனக்குத் தூக்கம் வரும். மலையேறிப் பார்க்கவும் சொல்லாதீர்கள், முட்டி வலிக்கும்" என்றார் ராஜா. "நாளை பொழுது சாய்வதற்குள் எனக்குப் புரிய வைத்தால் மானியம் மலைக்கு. இல்லையென்றால் திருமேனிநாதர் தெருவுக்கு."

"ஆகட்டும். நாளை உங்கள் பிறந்தநாள் விருந்தில் பரிமாறும் பொறுப்பை மட்டும் என்னிடம் விடுங்கள்."

வெளியே வந்ததும் பொம்மி கேட்டாள். "விருந்து போட்டு ராசா மனசக் குளிர வைக்கப் போறீங்களாம்மா?"

"இல்லை பொம்மி, பட்டினி போடப் போகிறேன்."

மறுநாள் பந்தலில் நெய் வாசனை ஆளைத் தூக்கியது. விருந்துக்காகவே ராஜா காலைப் பலகாரத்தை விட்டிருந்தார். அவருடைய பந்தியில் முதல் இலை பொம்மிக்கு. திருமேனிநாதர் பந்தியில் முதல் இலை அவருடைய டிரைவருக்கு. அந்த முதல் இலைகளில் சாம்பார், கூட்டு, வடை, அப்பளம் என்று ஒன்று விடாமல் விழுந்தது. அதோடு பரிமாறியவர்கள் கரண்டியை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றுவிட்டார்கள்.

"அமைச்சரே, என் இலை காலியாக இருக்கிறது."

"பரிமாறியாயிற்று, அரசே." செங்கமலம் ஒரு படத்தை விரித்தார். பந்தல் முழுக்கப் பச்சை. "முதல் இலைக்கு வந்தால் பந்திக்கே வந்த மாதிரி."

ராஜாவின் குரல் கெஞ்சியது. "பாயசமாவது உண்டா?"

"உண்டு. ஆளுக்கு இரண்டு டம்ளர் வரை." ராஜாவின் இலையில் ஒரே ஒரு சொட்டு விழுந்தது.

"இரண்டு டம்ளர் என்றீர்களே?"

"இரண்டு டம்ளர் வரை என்றேன், அரசே. துறை விளம்பரத்தில் இணைய வேகத்தை அப்படித்தான் போடுகிறார்கள்."

பசியில் காது அடைத்துப்போன திருமேனிநாதர் துள்ளி எழுந்தார். "இதென்ன அக்கிரமம். டிரைவர் சாப்பிட்டால் என் வயிறு நிறையுமா? எந்த மடையன் போட்ட விதி இது?"

டிரைவர் அப்பளம் நொறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தான் என்ன சொன்னோம் என்பது திருமேனிநாதருக்கே அப்போதுதான் உறைத்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கேட்டார். "பொம்மி, லைன் வந்த அந்த ஒரு வீடு யாருடையது?"

"இந்த ஐயாவோட பங்களாங்க. கோடையில மட்டும் வந்து தங்குவாரு."

"மானியம் குருவிமலைக்கு" என்றார் ராஜா. "திருமேனிநாதரே, உச்சியில் இருக்கிற கடைசி வீட்டுக்கு லைன் போகும்வரை நீர் அங்கேயே தங்க வேண்டும். வேலை எவ்வளவு நடந்தது என்று தினமும் மாலையில் வீடியோவில் வந்து சொல்லும்."

"அரசே, அங்கே சிக்னலே கிடையாதே."

"பச்சையாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ராஜா, அதற்குள் இலையில் வந்து விழுந்திருந்த சோற்றைப் பிசைந்தார்.

அன்றாடம் அடிவாரப் பங்களாவுக்கு இறங்கி, வீடியோவில் ராஜாவிடம் பேசிவிட்டு மறுபடி ஏறியதில் திருமேனிநாதரின் தொப்பை பாதியாயிற்று. வேலை பறந்தது. ஆட்கள் போதாதபோது அவரே கேபிளைத் தோளில் போட்டு இழுத்தார்.

மாசி பிறந்தது. பொம்மியின் தங்கைக்கு வலி கண்டபோது கடைசி வீட்டிலும் லைன் இருந்தது. டவுன் டாக்டரம்மா செல்லில் சொல்லச் சொல்லப் பொம்மி செய்தாள். பருவம் தப்பிக் கொட்டுகிற மழையில் வாசலில் நின்று, அறுந்து விழப்போன கேபிளை விடாமல் தாங்கிப் பிடித்திருந்தவர் திருமேனிநாதர். உள்ளே குழந்தை அழுதது. வெளியே இவரும் அழுதார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் அதற்கு முன் அறிந்ததில்லை.

அன்று சாயங்காலம் வீடியோவில் ராஜா சொன்னார். "தண்டனை முடிந்தது, திருமேனிநாதரே. ஊருக்கு வாரும்."

"பக்கத்தில் கரடிமலை இருக்கிறது, அரசே. அங்கேயும் ஒரு பெண்ணுக்குச் சித்திரையில் நாளாம். நான் வந்துவிட்டால் கேபிளை யார் இழுப்பது?"

ராஜா கிரீடம் ஆடத் தலையாட்டினார்.

"முடித்துவிட்டே வாரும். மானியத்துக்கு நான் இருக்கிறேன்."