முதல் கவளம்

தாமரையூர் மன்னர் மாதவராயருக்கு ஒரு பலவீனம். யாராவது வந்து, "நீங்கள் ஏன் மன்னா சிரமப்படுகிறீர்கள்? என்னிடம் விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் போதும், எதையும் தூக்கிக் கொடுத்துவிடுவார். இது பொன்னம்பலவாணருக்கு நன்றாகத் தெரியும். அரசாங்க வேலைகளைக் குத்தகைக்கு எடுப்பதுதான் அந்த மனிதருடைய தொழில்.

முதலில் தெருவிளக்கை எடுத்தார். பழைய விளக்கேற்றிகளை வேலையை விட்டு அனுப்பினார். ஊர் இருண்டது. "ஜனங்கள் சீக்கிரம் தூங்கி விடியற்காலையில் எழுந்துவிடுகிறார்கள் மன்னா. ஊரே சுறுசுறுப்பாகிவிட்டது!" என்றார். ராயர் மெச்சிக்கொண்டு பட்டுச் சால்வை போர்த்தி, ஆற்றுத் தோணியையும் கொடுத்தார். தோணியில் ஓட்டை விழுந்தது. "ஜனங்கள் நீச்சல் பழகுகிறார்கள்" என்றார் வாணர். இன்னொரு சால்வை. கூடவே சிறைச்சாலை. கைதிகள் ஒருவர் பாக்கியில்லாமல் ஓடிப்போனார்கள். "நாட்டில் குற்றவாளியே இல்லை, வந்து பாருங்கள், சிறை காலி!" என்றார். ராயர் போய்ப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. அதற்கும் ஒரு சால்வை.

அரண்மனை விகடர் கூத்தபிரான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தார். விளக்கு போனபோது ஒரு கைத்தடி வாங்கிக்கொண்டார். தோணி போனபோது ஆற்றுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம். ராயருக்கு இலை போட்டாயிற்று. வாணர் பக்கத்தில் வந்து குழைந்தார்.

"மன்னா, அரண்மனைக் காவலையும் என்னிடமே விட்டுவிடுங்கள். கூடவே இந்த விகடர் வேலையையும். பாதிச் சம்பளத்துக்குச் சிரிப்பு மூட்ட என்னிடம் ஆள் இருக்கிறது."

"பாதிச் சம்பளமா? பேஷ்! தாம்பூலத் தட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்!"

மன்னர் கையால் தாம்பூலம் வாங்கிவிட்டால் குத்தகை உறுதியான மாதிரி. இந்த வயசில் கூத்தபிரானை வேறு எந்த ராஜா சேர்த்துக்கொள்வான்? ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"தாராளமாகக் கொடுங்கள் மன்னா. அது சரி, சாதம் ஆறுகிறதே, ஏன் இன்னும் கை வைக்கவில்லை?"

"இதென்ன கேள்வி கூத்தபிரான்? சமைத்தவன் முதல் கவளம் சாப்பிட்ட பிறகுதானே நான் தொடுவேன்! என் தாத்தா காலத்து வழக்கமாயிற்றே."

"நல்ல வழக்கம். அதையே காவலுக்கும் வைத்துவிடுங்கள். வாணருடைய ஆட்கள் முதலில் அவர் வீட்டை ஒரு மாதம் காக்கட்டும். அப்புறம் இங்கே வரட்டும். இப்போது அங்கே காவல் நிற்கிறார்களே நம் பழைய சிறைக்காவலர்கள், பாவம், அவர்களுக்கும் ஓய்வு கிடைக்கும்."

ராயர் நிமிர்ந்தார். "என் சிறைக்காவலர்களா?"

"ஆமாம் மன்னா. அவர் வீட்டு விளக்கை ஏற்றுவதும் நம் பழைய விளக்கேற்றிதான். தினமும் அவரைத் தனித் தோணியில் இக்கரைக்குக் கொண்டுவந்து விடுவதும் நம் பழைய தோணிக்காரர்தான். நல்ல ஆட்களைப் பொறுக்கி எடுப்பதில் வாணர் கெட்டிக்காரர்."

வாணருக்கு வியர்த்துவிட்டது. "ஐயையோ, அது மட்டும் வேண்டாம் மன்னா! என் ஆட்களை நம்பி எப்படி? வீட்டில் நகைநட்டெல்லாம் இருக்கிறதே!"

வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் நின்றான் சமையல்காரன்.

"இங்கே?" என்றார் ராயர்.

வாணர் பட்டுச் சால்வையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

சிரிக்க ஆரம்பித்த ராயர், புரையேறித் தண்ணீர் குடிக்கும்வரை நிறுத்தவில்லை. வந்த தாம்பூலத்தைக் கூத்தபிரான் கையில் கொடுத்தார். "நீர் இருக்கிறவரைக்கும் இந்த வேலை உமக்குத்தான் ஐயா!" பழைய ஆட்களையெல்லாம் திரும்ப அழைக்கச் சொன்னார்.

"தோணிக் குத்தகை மட்டும் வாணரிடமே இருக்கட்டும். முதல் கவளம் அவருக்கு. இன்று அந்தத் தோணியிலேயே வீட்டுக்குப் போகட்டும்" என்றார் ராயர்.

கூத்தபிரான் துறைவரை வழியனுப்பப் போனார். "நீச்சல் பழக நல்ல சந்தர்ப்பம் வாணரே" என்றார், மிகுந்த மரியாதையோடு.

ஜனங்கள் நீச்சல் பழகட்டும் என்று வாணர் அடைக்காமலே விட்டிருந்த ஓட்டை, பொழுது சாய்வதற்குள் அடைபட்டுவிட்டது.