வீட்டுவண்டிக்கு ஓரம் கட்டிய கதை

ஒரு வீட்டுக்கு ஒரு முட்டாள் மாப்பிள்ளை வாய்த்தால் விதி என்று விட்டுவிடலாம். வந்த மூன்று மாப்பிள்ளைகளும் அப்படியே வாய்த்தால் அதற்கு என்ன பெயர் என்று பஞ்சாங்கத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை.

மல்லியங்கரை ராஜமாணிக்கம் வீட்டில் அப்படித்தான் வாய்த்தது. மூத்த மாப்பிள்ளை தெய்வசிகாமணி யோசிப்பார். நடு மாப்பிள்ளை பூவராகன் அதைச் சரி என்பார். கடைசி மாப்பிள்ளை ஏகாம்பரம் உடனே செய்து முடித்துவிடுவார். சகலைகளுக்குள் இவ்வளவு ஒற்றுமை இல்லாமல் இருந்திருந்தால் ஊருக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது.

ராஜமாணிக்கம் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஏலத்தில் ஒரு வீட்டுவண்டி எடுத்தார். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவுகிற தொட்டி, உட்கார்ந்து போகிற கக்கூஸ் எல்லாம் உண்டு. வண்டிக்கு வயது முப்பத்திரண்டு. நின்றால் கிளம்பாது, கிளம்பினால் நிற்காது. மழை பெய்தால் வெளியே நிற்பவன் கொஞ்சம் குறைவாக நனைவான்.

இந்த வண்டியில்தான் திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்வது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை, ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் முகூர்த்தம்.

அவர் மனைவி குணசுந்தரிக்கு இந்த முகூர்த்தம் சாதாரண முகூர்த்தம் இல்லை. முதல் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் நடுவழியில் படுத்துக்கொண்டு, தாலி ராகு காலத்தில் ஏறியது. முப்பத்தைந்து வருஷமாக அந்த அம்மாள் அதை மறக்கவில்லை. சாம்பாரில் உப்பு கூடினாலும், கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனாலும், மாப்பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றினாலும், "ராகு காலத்துல கட்டின தாலி, வேற எப்படி இருக்கும்?" என்பார்.

"இந்தத் தடவையாவது நல்ல நேரத்துல என் கழுத்துல ஏறணும்," என்று இப்போதும் சொல்லிவிட்டார். "தவறிச்சுன்னா நான் திருக்கடையூர்லயே இருந்துக்கறேன். நீங்க உங்க தகர டப்பாவோட குடும்பம் நடத்துங்க."

ராஜமாணிக்கத்துக்கு வியர்த்தது. பக்கத்து ஊர் மெக்கானிக் சவரிமுத்து முதுகு பிடித்துக்கொண்டு படுக்கையில் இருந்தார். போனில் சொல்வேன், யாராவது செய்யுங்கள் என்றார். மூன்று மகள்களும் ஏற்பாடுகளைப் பார்க்கிறோம் என்று முன்கூட்டியே பஸ்ஸில் திருக்கடையூர் போய்விட்டார்கள். அவர்கள் புத்திசாலிகள்.

"நாங்க இருக்கோம் மாமா," என்றார் தெய்வசிகாமணி.

"அதான் பயம்," என்றார் மாமா.

முதல் போன் புதன்கிழமை. சவரிமுத்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பேட்டரி இறங்கிடுச்சு," என்றார்.

மூன்று பேரும் வண்டியைச் சுற்றி வந்தார்கள்.

"எந்த ஸ்டாப்புல இறங்கிச்சுன்னு கேட்கலையே சகலை," என்றார் பூவராகன்.

"வண்டி நகரவே இல்லை. இங்கதான் எங்கயாவது இறங்கியிருக்கும்."

ஏகாம்பரம் மூடியைத் திறந்து பார்த்தார். பேட்டரி உள்ளேயே இருந்தது.

"இறங்கிட்டு மறுபடி ஏறிடுச்சு," என்றார் தெய்வசிகாமணி. "வெளியில வெயில் தாங்கலை போல." அந்த வேலை முடிந்தது.

அடுத்தது, ரேடியேட்டருக்குத் தண்ணி காட்டணும். ஏகாம்பரம் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வண்டியின் முகத்துக்கு நேராக அரை மணி நேரம் காட்டினார். கை வலித்ததும் பூவராகன் வாங்கிக் காட்டினார். தாகம் இல்லை போலிருக்கிறது என்று போனில் சொன்னபோது சவரிமுத்து கத்திய கத்தலில் அவர் முதுகு இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஊற்றினார்கள்.

பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னார். ஆயில் பாட்டில் வலது பக்க அலமாரியில் இருந்தது. இடது பக்க அலமாரிக்கு மாற்றினார்கள்.

"டயரெல்லாம் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கும். முன்னாடி இருக்கிறதைப் பின்னாடி போடுங்க, பின்னாடி இருக்கிறதை முன்னாடி போடுங்க."

இது பெரிய வேலை. வண்டிக்குள் முன்னாடி இருந்தது டிரைவர் சீட்டு. பின்னாடி இருந்தது கக்கூஸ். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினார்கள்.

கூரை ஒழுக்குக்குச் சவரிமுத்து சொன்னது சுலபமாக இருந்தது. "மேலேருந்து தண்ணி ஊத்துங்க. எங்க சொட்டுதோ அங்க சாக்பீஸால வட்டம் போடுங்க. வட்டம் போட்ட இடத்தை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு அடிச்சிருங்க."

தண்ணீர் தரையில் சொட்டியது. தரையில் வட்டம் போட்டு, ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டி எடுத்தார்கள். மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் ஓட்டை வழியாக நேரே மண்ணுக்குப் போனது.

"இப்ப ஒரு சொட்டு நிக்கலை பாருங்க," என்றார் பூவராகன். தகடு மிச்சம் என்று அத்தையிடம் கொடுத்தார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. மாமா பட்டு வேட்டியோடு வண்டியில் ஏறினார். ஸ்டீயரிங்குக்கு முன்னால் கக்கூஸ் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பெண்டாட்டி பின்னால் வருவது தெரிந்ததும் மூடியைப் போட்டு மேலே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். இனி நேரம் இல்லை. அத்தை கட்டிலில் உட்கார்ந்தார். பூவராகன் மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி, தேங்காய், பழம் வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

மாமா சாவியைத் திருகினார். வண்டி செருமியதோடு சரி. தெய்வசிகாமணி போன் போட்டார்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் சவரிமுத்து.

மூன்று பேரும் இறங்கிப் பத்தடி தள்ளி நின்றார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை. இருபதடி தள்ளி நின்றார்கள். அப்போதும் ஆகவில்லை.

"இன்னும் தள்ளினா பக்கத்து ஊரு சகலை."

சவரிமுத்து போனில் பல்லைக் கடித்தார். "வாசல் சரிவுதானே? முதல்ல கை பிரேக்கை எடுங்கய்யா!"

ஏகாம்பரம் ஸ்பேனரோடு உள்ளே ஏறினார். நாலு போல்ட். கை பிரேக்கை முழுசாகக் கழற்றி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வண்டி தானாக உருண்டது. மற்ற இருவரும் ஓடி வந்து தொற்றிக்கொண்டார்கள். மாமா கியரைப் போட்டார். இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

"கிளம்பிடுச்சு!" என்று அத்தை முதல் தடவையாகச் சிரித்தார்.

ராஜமாணிக்கத்துக்கு எந்த வண்டியைக் கொடுத்தாலும் ரோடு ரோலர் மாதிரிதான் ஓட்டத் தெரியும். சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். ஒரு வாத்துக் கூட்டம் கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு, அலுத்துப்போய்த் திரும்பியது. ஒன்பது இருபதுக்குத் திருக்கடையூருக்கு இன்னும் நாலு மைல். எப்படியும் முகூர்த்தத்துக்குள் சேர்ந்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டபோது, எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தது. பிரேக்கை மிதித்தார். கால் தரைவரைக்கும் போனது. ஆயில்தான் அலமாரியில் இருந்ததே.

"கை பிரேக்கைப் போடுங்க மாப்ளே!"

ஏகாம்பரம் கையிலிருந்த கை பிரேக்கைக் கீழே போட்டார். அது ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்தது.

தெய்வசிகாமணி சவரிமுத்துவுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்ட சவரிமுத்து படுக்கையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "ஓரம் கட்டு! முதல்ல வண்டியை ஓரம் கட்டு!" என்று போன் கிழியக் கத்தினார்.

"கட்டணுமாம் சகலை. வண்டிக்கு ஓரத்துல கட்டணுமாம். சீக்கிரம்!"

"எதைக் கட்டறது?"

கட்டுவதற்கு அந்த வண்டியில் இருந்தது ஒரே ஒரு கயிறு. பூவராகன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, வண்டியின் ஓரத்திலிருந்த கண்ணாடிக் கம்பியில் தாலியைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். தட்டு கவிழ்ந்து அட்சதை வண்டி முழுக்கப் பறந்தது. மாமா ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி வயல் ஓரத்து வைக்கோல் போருக்குள் புகுந்து, பெருமூச்சு விட்டு நின்றது.

யாருக்கும் ஒன்றுமில்லை. அத்தை தலையிலிருந்து வைக்கோலை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மணி என்ன?"

"ஒன்பது இருபத்தி ரெண்டு அத்தை. நல்ல நேரம்தான்," என்றார் பூவராகன் பெருமையாக.

அத்தை கண்ணாடிக் கம்பியைப் பார்த்தார். தாலி ஆடிக்கொண்டிருந்தது. "முப்பத்தஞ்சு வருஷமா நான் கேட்ட நல்ல நேரத்தை இந்த டப்பாவுக்குக் குடுத்துட்டீங்களேடா!"

கீழே சகலைகளுக்குள் வேறு கவலை.

"கட்டினது நான். அப்ப இவ எனக்குச் சம்சாரமா? வீட்டுல என்ன சொல்றது?" என்றார் பூவராகன்.

"அது எப்படி? தாலி மாமாவோடது. நீ கட்டறப்ப இவ கையைப் பிடிச்சிருந்தது யாரு?" என்றார் தெய்வசிகாமணி.

"மாமா. ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருந்தாரு."

"அட்சதை விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் என்ன? இவங்க மாமாவுக்கு ரெண்டாம் தாரம். நமக்குச் சின்னத்தை."

மூன்று பேரும் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

மாமா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முடிச்சை அவிழ்த்துத் தாலியை எடுத்தார். வைக்கோல் போர் ஓரத்திலேயே பெண்டாட்டியை நிற்க வைத்தார். "குணம், கோயில்ல மாலை மாத்திக்கலாம். இதை இப்பவே கட்டிடறேன். இதுங்களை வச்சுக்கிட்டு இன்னும் நாலு மைல் நம்ப முடியாது." டிராக்டர்காரர் ஹாரனை அழுத்திக் கெட்டிமேளம் கொட்டினார். ஒன்பது முப்பத்தைந்துக்குத் தாலி ஏறியது. அத்தை தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வருஷக் கணக்காகப் பார்க்காத ஒரு பார்வை பார்த்தார். மாமா கன்னம் சிவந்துவிட்டது.

வயலில் இருந்தவர்கள் சேர்ந்து வண்டியை ரோட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். மாமாவும் அத்தையும் ஏறினார்கள்.

"ஏறுங்க மாப்ளே, பொடிநடையாவே ஓட்டிடறேன்."

"சின்னத்தை மேல ஏறி உட்கார்றதா? மரியாதை இருக்கில்ல மாமா," என்று மூவரும் முன்னால் நடந்தார்கள்.

ரோடு மெல்லச் சரிந்தது. வண்டி மெல்ல உருண்டது. "விலகுங்க! விலகித் தொலைங்க!" என்று மாமா கத்தினார். ஹாரன் அலறியது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். நெற்றியில் வைக்கோலும் அட்சதையுமாகச் சின்னத்தை அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"ஆசீர்வாதம் பண்ண வர்றாங்க!" என்றார் தெய்வசிகாமணி.

வயசுப்படி வரிசையாக, ஒருவர் கால்மாட்டில் ஒருவராக, ரோட்டின் நடுவில் மூவரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போக, வண்டி அவர்கள் தலைக்கு மேலே நிதானமாகக் கடந்தது. எதையும் உடனே செய்துவிடுகிற ஏகாம்பரம், ஆசீர்வாதம் முடிந்ததென்று உடனே எழுந்து நின்றார். அவர் நின்ற நேரத்தில் மேலே ஓட்டை வந்தது.

வண்டி போன பிறகு மற்ற இருவரும் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டார்கள். ரோட்டில் ஏகாம்பரத்தின் செருப்பு மட்டும் இருந்தது. ஏகாம்பரம் தூரத்தில் அத்தையின் காலடியில், வண்டிக்குள் இடுப்பு வரை முளைத்து, கீழே கால்களால் ஓடிக்கொண்டே கையாட்டினார்.

பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா சகலை? சின்னத்தை வந்து அரை மணி நேரம்கூட ஆகலை. எந்த மாமியாரா இருந்தாலும் கடைசி மாப்பிள்ளைன்னாத்தான் செல்லம்!"