பேச்சியம்மன் வளைவில் நிற்கும் ஜீப்

“தாயி, பேச்சியம்மனுக்கு எம்மேல என்ன கோவம்?”

சங்கிலிமுத்து இப்படிக் கேட்டபோது ஆவுடைத்தாய் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்துக்கு அவர்தான் தலைவி. சங்கிலிமுத்து மடத்து ஜீப்பின் டிரைவர், அவருக்குச் சீடரும்கூட. குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். புத்தியும் அந்த அளவுக்குக் கூடியிருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

விஷயம் இதுதான். ஜீப் பழைய பெட்ரோல் வண்டி. ஆயுத பூஜைக்குப் பிறகு, பேச்சியம்மன் கோயில் வளைவுக்கு வந்தால் மட்டும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. வேறெங்கும் நிற்பதில்லை.

மெக்கானிக் காயிலை மாற்றினார், பிளக்கை மாற்றினார், சாவி சுவிட்சையும் மாற்றினார். ஒர்க் ஷாப்பில் சமர்த்தாக ஓடிய ஜீப் வளைவில் போய் நின்றது. இது ஒயர் சமாச்சாரம் இல்லை அண்ணாச்சி என்று அவரும் கைகழுவிவிட்டார்.

சங்கிலிமுத்துவின் மகள் வேணி நிறைமாதக்காரி. ஆஸ்பத்திரிக்கு அந்த ஒரு ரோடுதான். பிள்ளைப்பேற்றுக்குக் காவல் நிற்கிற பேச்சியம்மனே வழியை மறித்தால் மனிதன் யாரிடம் போவான்? பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவுடைத்தாய் கீரையை ஒதுக்கிவைத்தார்.

“வண்டிய எடும்.”

“தாயிக்கு வண்டியப் பத்தித் தெரியுமா?”

“தெரியாது. உம்மத் தெரியும்.”

வளைவு வந்தது. அங்கே அம்மனுக்கு ஹாரன் அடிக்காமல் போகிற டிரைவர் கிடையாது. சங்கிலிமுத்து ஒரு படி மேல். ஆயுத பூஜையன்று அவளுக்கென்றே ஒரு மியூசிக் ஹாரன் வாங்கி மாட்டியிருந்தார். மாட்டுக்கும் மனிதருக்கும் பழைய ஹாரனே போதும் என்பது அவர் கணக்கு.

மியூசிக் ஹாரனை அழுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜீப் நின்றது.

இறங்கி பானெட்டைத் திறந்தார். ஒன்றும் தெரியவில்லை. மூடினார். சாவியைத் திருப்பினால் எஞ்சின் உடனே எழுந்துகொண்டது.

“திரும்பிப் போயி மறுபடி வாரும். இந்தத் தடவ ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கட்டும். கும்பிடுதத நான் பாத்துக்கிடுதேன்.”

வீட்டில் மகள் அப்படி இருக்கும்போது அம்மனைக் கும்பிடாமல் போவதா? ஆனாலும் குரு சொல்லைத் தட்டவில்லை.

ஜீப் வளைவைத் தாண்டியது. நிற்கவில்லை.

அப்பால் ரோட்டோரம் ஒரு புளியமரம். ஆவுடைத்தாய் கையை நீட்டி மியூசிக் ஹாரனை அழுத்தினார்.

ஜீப் நின்றது.

“புளியமரத்துக்கும் உம்ம மேல கோவமா?”

சங்கிலிமுத்து மரத்தைப் பார்த்தார். ஹாரனைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

“அப்ப அவளுக்குக் கோவமில்ல?”

“இல்ல.”

“வேணிக்கு ஒண்ணும் வராதுல்லா?”

“வலி வந்ததும் தைரியமா இந்த வண்டியிலயே கூட்டிட்டுப் போம்.”

ஹாரன் ஒயரை மாட்டியது அவரேதான். கைக்கு எட்டியது என்று, சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரோடு சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார். ஹாரன் பாடினால் கரண்ட் எல்லாம் அதற்கே, எஞ்சின் பட்டினி. அம்மன் காரியத்தை மெக்கானிக்கிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டார்.

புளியமரத்து நிழலிலேயே முறுக்கைப் பிரித்தார். பழைய ஒயருக்கு டேப் சுற்றினார். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்தபோது வாய் தானாகப் பாட்டு முணுமுணுத்தது.

வளைவு வந்தது.

“இனி பழைய ஹாரனையே அடிச்சுக்கிட்டுப் போயிரலாமா தாயி?”

“இத்தன தடவ இங்க நின்னீரே, நின்னு என்ன செஞ்சீரு?”

“இறங்கி பானெட்டத் தெறந்து பாத்தேன்.”

“பேச்சி எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கா?”

சங்கிலிமுத்துவுக்குத் தெரியவில்லை.

அவரே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். ஜீப் நின்றது.