ரெஜினா கேட்ட படம்

ஆண்டவர் மூளையைப் பங்கு வைத்த அன்று நாகர்கோவில் பக்கத்தில் ஒரு குடும்பம் மட்டும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தது. ததேயு, அவர் மனைவி பிலோமினா, ததேயுவின் தம்பி யாகப்பன். தங்கமான மனிதர்கள். வேறு குறை சொல்ல முடியாது.

ததேயு தம்பதியின் மகள் ரெஜினாவுக்குச் சென்னையில் நர்ஸ் வேலை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டை விட்டு ஒரு பண்டிகையும் கொண்டாடியதில்லை அவள். பாவம், ஒரு கேமராவை அனுப்பி, கூடவே கடிதமும் எழுதியிருந்தாள். 'வீடு எப்பவும் போல இருக்கிறதைப் படம் எடுத்து அனுப்புங்க. ஒருத்தரும் கேமராவைப் பார்க்காதீங்க. படம் பண்டிகைக்குள்ள வரலேன்னா நான் அழுதே செத்துருவேன்.'

மூவரும் கடிதத்தை நான்கு தடவை படித்தார்கள். யாகப்பன் கேமராவைத் தூக்கினார். அடுப்படியில் பிலோமினா அச்சு முறுக்கு சுட, வாசலில் ததேயு நட்சத்திரம் கட்ட, சளைக்காமல் முப்பத்தைந்து படம் எடுத்தார்.

"எங்க பாத்துட்டு எடுக்கீங்க கொழுந்தனாரே?" என்றாள் பிலோமினா.

"சன்னல பாத்துட்டு."

"கேமரா எங்க பாக்குது?"

"அது எனக்கு எப்படித் தெரியும் மைனி? ஒருத்தரும் கேமராவப் பாக்கக் கூடாதுன்னு பிள்ள எழுதியிருக்காளே. நானும் ஒருத்தன்தானே?"

நியாயமான பேச்சு என்று ததேயு தலையாட்டினார். பிறகு ஸ்டுடியோக்காரர் எடுத்தவரை மட்டும் வெட்டிக் கழுவிப் பார்த்தபோது அந்த முப்பத்தைந்திலும் உத்தரமும், ஓடும், ஒரு பல்லியும் மிகத் தெளிவாக விழுந்திருந்தன.

சுருளில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். பிள்ளை அழுதுவிடுவாளே!

"எப்பவும் போலன்னா, சாயங்காலம் நாம சண்டை போடணும்" என்று பிலோமினா நினைவுபடுத்தினாள். கிறிஸ்துமஸ் குடில் வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒட்டகச் சண்டை நடக்கும். பனியில் நனையுமே என்று ததேயு ஒட்டகப் பொம்மையைத் தொழுவத்துக்குள் வைப்பார். ராஜாக்களுடைய ஒட்டகத்துக்கு மாட்டுக்கொட்டிலில் என்ன வேலை என்று பிலோமினா வெளியே எடுப்பாள்.

"ஒட்டகத்த உள்ள வைக்கட்டுமா?" என்று ததேயு மரியாதையாகக் கேட்டார்.

"வையுங்க."

"நீ சரின்னு சொன்னா நான் எப்படிட்டி சண்ட போடுவேன்?"

"சண்ட போடத்தானே சரின்னு சொன்னேன்! இது கூடப் புரியாத மனுசன் கூட இருவத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன்!"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. இரண்டு தேங்காய் உருண்டது, ஒரு கரண்டி பறந்தது. அரைமணி நேரம் கழித்து இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு யாகப்பனைப் பார்த்தார்கள்.

"எடுத்தாச்சா?"

"இல்லண்ணே. நீங்க ஒட்டகச் சண்டய எப்போ ஆரம்பிப்பீங்கன்னு காத்துட்டு நிக்கேன்."

அப்போதுதான் ததேயு திடுக்கிட்டார். "ஏலே, நம்ம சண்டய யாரு விலக்கி விடுவா?"

"ரெஜினா."

"அப்போ அவ இல்லாம எடுத்தா அது எப்பவும் போல ஆகுமா?"

எவ்வளவு பெரிய தப்பு நடக்க இருந்தது! உடனே மூவரும் டெலிபோன் பூத்துக்கு ஓடினார்கள்.

"மக்ளே, ஒரு படந்தான் பாக்கி, நீ மட்டுந்தான் குறையுது. வந்து நின்னுட்டுப் போயிரு. பெறவு உனக்கே அனுப்பி வைக்கோம்" என்றார் ததேயு.

ரெஜினா சிரித்தாள், அப்புறம் அழுதாள், அழுதுகொண்டே போய்த் தலைமை நர்ஸிடம் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் புரையேறி, பேச முடியாமல் விரலைக் காட்டியே நான்கு நாள் லீவு கொடுத்தாள்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் ரெஜினா வந்து இறங்கினாள். ஒட்டகம் உள்ளே போனது, வெளியே வந்தது, சண்டை அமர்க்களப்பட்டது, அவள் நடுவில் புகுந்து விலக்கினாள். பக்கத்து வீட்டு வாத்தியார் பொத்தானை அமுக்கினார். அவருக்குக் கடிதம் ஏதும் வராததால் கேமராவைப் பார்த்தே எடுத்தார். நால்வரும் அச்சு அசலாக விழுந்திருந்தார்கள்.

படத்தை ரெஜினா கண்ணில் காட்டாமலே ததேயு அன்றைக்கே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தார்.

"மக்ளே, கெளம்பு."

"எங்கப்பா?"

"மெட்ராசுக்கு. பதிவுத் தபாலு. நீ இங்க இருந்தா அங்க யாரு கையெழுத்துப் போட்டு வாங்குவா? பண்டிகைக்குள்ள படம் வேணும்னு நீதானே எழுதின?"

அப்பாவின் முகத்தை ரெஜினா நன்றாகப் பார்த்தாள். இந்த முகத்திடம் வாதாடிப் பயனில்லை என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பெட்டியைக் கட்டினாள். பிள்ளையைத் தனியே அனுப்ப மனசு வராமல் மற்ற மூவரும் முறுக்கு டின்னோடு அதே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

இருபத்துநான்காம் தேதி சென்னையில் ரெஜினாவின் விடுதி வாசலுக்குத் தபால் வந்தது. ரெஜினா கையெழுத்துப் போட்டுப் பிரித்தாள். நான்கு தலைகளும் படத்தின் மேல் கவிந்தன.

"வீட்டுல எல்லாரும் எவ்வளவு சந்தோசமா இருக்காவ பாருங்க" என்று பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நமக்குக் குடுத்து வைக்கல" என்றார் ததேயு. "பண்டிகையும் அதுவுமா இப்படி ஊரு விட்டு ஊரு வந்து கெடக்கோம்."

யாகப்பன்தான் முதலில் சுதாரித்தார். "அண்ணே, நம்மள நெனச்சு அவங்க கவலப்பட வேண்டாம்னு வீட்டுக்கு ஒரு தந்தி குடுத்துருவோம்."

ததேயு தபாலாபீசுக்கு ஓடினார்.