மீனைப் பார்த்து எடுத்த கம்பு

சொன்னபட்டிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி செய்வார்கள். அந்த ஊருக்கு இருக்கிற ஒரே குறை அதுதான். ஒரு கல்யாணத்தில் சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டு, "நம்ம வீடு மாதிரி நெனச்சுச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். அத்தனை பேரும் இலையைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த ஊர்ச் சேவுகனுக்கு இருபத்தொன்பது வயது. தாய்மாமன் மகள் வள்ளிமயிலைக் கட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. பக்கத்து ஊரில் இருந்த மாமன் உடையப்பனுக்கோ துளியும் மனசில்லை. "எம் மக பத்தாவது வரைக்கும் படிச்சவ, சூட்டிகையானவ. அவளை அந்த மடப்பய ஊர்ல தள்ளுறதா?" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் முறைமாப்பிள்ளையை முகத்துக்கு நேரே வேண்டாம் என்றால் அக்கா மண்ணை வாரித் தூற்றுவாள். அதனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"வலை போட்டு எவனும் மீன் புடிப்பான். புழுவைக் கோத்தா நண்டு சிண்டுகூடப் புடிக்கும். இப்பக் கம்புல ரப்பர் தவளையைக் கட்டி வீசுறாகளே, அந்தத் தூண்டில்ல எனக்கு ஒரு விரால் புடிச்சுக் காட்டு. சித்திரை முடியறதுக்குள்ள காட்டிட்டா வள்ளிமயில் உனக்கு. இல்லையா, மானாமதுரை மாப்பிள்ளைக்கு."

சித்திரை முடிய இரண்டே நாள் இருந்தது.

சேவுகன் தன் கூட்டாளிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டான். அடைக்கலம் ஒருமுறை திருச்சி வரை ரயிலில் போய், இறங்காமலே திரும்பி வந்தவன். அதனால் ஊரில் அவன்தான் உலகம் தெரிந்தவன். வெள்ளைக்கண்ணு எதற்கும் சந்தேகம் கேட்பான், பதில் சொன்னால் அந்தப் பதிலிலும் கேட்பான். அவனை அறிவாளி என்றார்கள். மூவரும் பஸ் ஏறி டவுனில் ராவுத்தரின் தூண்டில் கடைக்குப் போனார்கள்.

"எந்த மீனுக்குக் கம்பு?" என்றார் ராவுத்தர்.

"விராலுக்கு, பாய். ரப்பர் தவளையை வீசுறதுக்கு."

"விரால்ல அரைக்கிலோவும் இருக்கு, மூணு கிலோவும் இருக்கு தம்பி. மீனைப் பாத்துத்தான் கம்பு எடுக்கணும். சித்திரைல தண்ணி கம்மி, சின்னத் தவளைதான் ஆகும். சின்னத் தவளைக்கு நுனி வளையணும், அடி விறைப்பா நிக்கணும். கனம் கைக்குத் தெரியக்கூடாது. எல்லாம் பொருத்தந்தான்." இப்படிச் சொல்லிவிட்டு அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போனார்.

மூவரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று யோசித்தார்கள்.

"நீ அந்த மீனைப் பாத்திருக்கியா?" என்றான் வெள்ளைக்கண்ணு.

"கண்மாய்ல இருக்குன்னு தெரியும். பாத்ததில்லை" என்றான் சேவுகன்.

"பொண்ணைப் பாக்காமப் பொருத்தம் சொல்ல முடியுமா? மொதல்ல மீனைப் புடிச்சுப் பாக்கணும்."

"புடிக்கக் கம்பு வேணுமே."

"கம்பு எடுக்க மீனைப் பாக்கணுமே."

இந்த இடத்திலேயே மதியம் வரை நின்றார்கள். கடைசியில் காற்று மாறி மீன் மார்க்கெட் வாடை வந்தபோதுதான் அடைக்கலத்துக்கு வழி புலப்பட்டது. ஒன்றரைக் கிலோ விராலை உயிரோடு வாங்கி, ஒரு பச்சை வாளியில் தண்ணீர் ஊற்றி, அதில் விட்டுத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்கள்.

ராவுத்தர் வாளியை எட்டிப் பார்த்தார். "அதான் மீன் கெடச்சிருச்சே தம்பி. அப்புறம் எதுக்குக் கம்பு?"

வெள்ளைக்கண்ணு அவரை இரக்கத்தோடு பார்த்தான். "கெடச்சாப் போதுமா பாய்? புடிக்க வேண்டாமா?"

முப்பது வருஷம் வியாபாரம் பார்த்த மனுஷர் ஒவ்வொரு கம்பாக எடுத்துக் கொடுத்தார். இவர்கள் ஒவ்வொன்றையும் வாளிக்கு நேரே நீட்டி மீனுக்குக் காட்டினார்கள். முதல் கம்பைக் காட்டியதும் விரால் துள்ளியது.

"சம்மதம்" என்றான் சேவுகன்.

"அவசரப்படாத. எந் தங்கச்சியைப் பாக்க வந்தப்ப அவ அசையவே இல்லை. அதைத்தான் சம்மதம்னாக" என்றான் வெள்ளைக்கண்ணு.

இது நியாயமாகப் பட்டது. மீன் களைத்துப் போய் ஏழாவது கம்புக்கு அசையாமல் கிடந்தது. அந்தக் கம்பே முடிவாயிற்று; நூல் சுற்றும் சக்கரமும் ரப்பர் தவளையும் சேர்த்து வாங்கினார்கள். "நல்ல கம்பு, மொத்தமே நூத்தி..." என்று ராவுத்தர் எடையைச் சொல்ல வாயெடுத்தார். அடைக்கலம் பாய்ந்து சேவுகனின் இரண்டு கையையும் துண்டால் பொத்தினான். "கனம் கைக்குத் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக?"

ராவுத்தர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இவர்கள் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு. "இது வீசுற கம்பு தம்பி. பயந்து பயந்து இழுத்துப் புடிக்காம, நல்லா விட்டு வீசணும். போயிட்டு வாங்க."

மறுநாள் சித்திரை கடைசி. கண்மாய்க் கரையில் உடையப்பனோடு பாதி ஊர் நின்றது. வள்ளிமயிலும் முந்தானை நுனியைக் கடித்தபடி வந்து நின்றாள். அவளுக்கும் அத்தான் மேல் ஆசைதான்.

சேவுகன் கையில் இருந்த வாளியில் விராலைப் பார்த்ததும் மாமனுக்கு முகம் செத்துப்போனது. பயல் விடியுமுன்னே பிடித்துவிட்டான் என்று நினைத்தார். "ஏதுடா இது?" என்றார் ஈனக்குரலில். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

"கம்பு எடுக்க வாங்குனது மாமா. இனிமேத்தான் புடிக்கணும்" என்று சொல்லி, வாளியைக் கண்மாயில் கவிழ்த்தான். விரால் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. மாமனுக்கு மூச்சு வந்தது.

பிறகு சேவுகன் கம்பைத் தலைக்கு மேல் சுழற்றி, ராவுத்தர் சொன்னது மாதிரியே நன்றாக விட்டு வீசினான். கம்பு, சக்கரம், நூல், தவளை எல்லாம் ஒன்றாகப் பறந்து நடுக் கண்மாயில் விழுந்து முழுகின.

"நல்ல வீச்சு" என்றான் அடைக்கலம்.

மூவரும் கரையில் குந்திக் காத்திருந்தார்கள். "மீன் மாட்டுனா எப்படித் தெரியும்?" என்று வெள்ளைக்கண்ணுக்குச் சந்தேகம் வந்தது.

"கம்பு ஆடும்" என்றான் அடைக்கலம்.

"கம்பு எங்க?"

"மீன்கிட்ட."

வெள்ளைக்கண்ணு திருப்தியானான். ஒரு மணி நேரம் போயிற்று. வெயில் ஏறிய எரிச்சலில் உடையப்பன், "டேய், மூணு பேரும் இந்தக் கண்மாய்லயே போய் விழுங்கடா" என்று கத்தினார்.

மாமன் சொல்லைத் தட்டாத பிள்ளை சேவுகன். மூவரும் எழுந்து வரிசையாகப் போய் விழுந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான். சேவுகன் எழுந்தபோது, மடித்துக் கட்டிய வேட்டிக்குள் ஏதோ படபடவென்று அடித்தது. கையை விட்டு எடுத்தான். இரண்டு கிலோவுக்குக் குறையாத விரால்.

கரை முழுக்க ஆரவாரம். உடையப்பன் தந்திரக்காரரே தவிரக் கெட்டவர் இல்லை. "சரி மாப்ளே, எப்படியோ புடிச்சுட்ட. வைகாசியில வச்சுக்குவோம்" என்றார். மாமன் வாயால் மாப்பிள்ளை என்று கேட்பது சேவுகனுக்கு அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடு சொன்னான்: "இல்லை மாமா. நீங்க தூண்டில்ல புடிக்கச் சொன்னீக. இது வேட்டியில புடிச்சது." குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டான்.

வெள்ளைக்கண்ணு அவன் தோளைத் தட்டினான். "விடு மாப்ளே. இது வாளி மீனை விடப் பெரிசு, அந்தக் கம்பு இதுக்குப் பொருந்தியிருக்காது. இப்ப மீனை நல்லாப் பாத்தாச்சுல்ல? கடை எட்டு மணி வரைக்கும் இருக்கும், வா."

மூவரும் சொட்டச் சொட்ட பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போதுதான் அவருடைய பத்தாவது படித்த மகள், பச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி ஓடினாள்.

"அத்தான், வாளியை விட்டுட்டுப் போறீகளே. மீனு இல்லாமக் கம்பு எப்படி எடுப்பீக?"