மேலமடவிளாகத்தில் நிற்கிறவன்

கனகசபை மடத்துக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. இரும்புச் சாமான் கடையை அன்று சீக்கிரமே சாத்திவிட்டார். ஐம்பத்தாறு வயது, நெற்றித் திருநீறு கலையாத மனிதர். மடத்துத் துறவியான தம்பிரானுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தீட்சை கொடுத்தவர் தம்பிரான், வாங்கிக்கொண்டவர் கனகசபை. விழுந்து கும்பிட்டு எழுந்து, சொல்லும்வரை நின்றார்.

"உட்காரும்" என்றார் தம்பிரான். மூத்தவரானாலும் 'நீர்' என்பதுதான் மடத்துப் பேச்சு.

திருக்கொன்றையூரில் கனகசபையைக் கடைக்காரர் என்று அறிந்தவர்களைவிட 'ஊர் நடப்பு' அண்ணாச்சி என்று அறிந்தவர்கள்தான் அதிகம். தினமும் அந்தியில் கைபேசி முன்னால் உட்கார்ந்து, ஊர்ச் செய்தியும் மாநிலச் செய்தியும் சொல்லுவார். கத்த மாட்டார். கெட்ட வார்த்தை கிடையாது. பழையதில் நல்லது எது, அதை யார் எப்படி அழிக்கிறார்கள் என்று நிதானமாக எடுத்து வைப்பார். தெப்பக்குளக் கரையை வளைத்துக் கடை கட்டிய கவுன்சிலரை, ஆளுங்கட்சி என்றும் பாராமல், பெயர் சொல்லிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கரை மீண்டது. அதற்குப் பிறகு ஊரே அந்த நேரத்துக்குக் காத்திருந்தது.

அன்றைக்கு அவர் மனது சரியில்லை. உட்கார்ந்ததும் கொட்டத் தொடங்கினார். தலைநகரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்து ஊர்களின் பெயரே தெரியாது என்றார். பள்ளிக்கூடத்தில் காலையில் பாடிவந்த தேவாரத்தை நிறுத்திவிட்டார்கள். தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மதுக்கடை வந்துவிட்டது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது வேறொன்று. அந்திக்கு விளக்கேற்றும்போது வாசற்கதவைத் திறந்து வைத்துக் கொல்லைக் கதவைச் சாத்துவது அந்த ஊர் வழக்கம். இன்றைக்கு மேலமடவிளாகத் தெருவில் விளக்கு நேரத்தில் ஒரு வாசல்கூடத் திறந்திருப்பதில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடமும் தொலைக்காட்சித் தொடரும் சேர்ந்து செய்த வேலை என்றார்.



"நான் சொல்லுததுல பொய் ஏதும் உண்டா சாமி?"

"இல்லை."

"பொறவு ஏன் இந்த ஊரு இப்படிப் போகுது?"

தம்பிரான், இன்றைக்கு என்ன செய்தி என்று கேட்டார்.

கனகசபை கைபேசியை எடுத்து நீட்டினார். ஒரு வீட்டு வாசல் கேமராவில் பதிந்தது. நிறமில்லாமல் எல்லாம் சாம்பலாக இருந்தது. மேலமடவிளாகத் தெரு. தலையோடு துணியைப் போர்த்திய ஓர் உருவம் நடந்து வருகிறது. மூடிய கதவு ஒன்றின் முன்னால் நிற்கிறது. தட்டவில்லை, மணியடிக்கவில்லை, கூப்பிடவுமில்லை. கை இரண்டும் துணிக்குள் இருக்கின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. அதில் கண் மட்டும் கேமரா வெளிச்சம் பட்டு வெள்ளையாக ஒருமுறை மின்னுகிறது. கொஞ்ச நேரம் கழித்து உருவம் அடுத்த கதவுக்குப் போய், அங்கும் அதேபோல நிற்கிறது.

மூன்று நாளாக வருகிறான் என்றார் கனகசபை. எல்லாம் விளக்கு நேரத்தில்தான். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை என்று நோட்டம் பார்க்கிறான். ஒரு வீட்டில் குழந்தை அவனைப் பார்த்துக் காய்ச்சலில் விழுந்துவிட்டது.

"ஆளை யாரென்று விசாரித்தீரா?"

"வெளியூர்க்காரன் சாமி. நம்ம ஊர்க்காரன் எவனாவது கதவுக்கு முன்னால அப்படி நிப்பானா?"

போன மாதம் பக்கத்து ஊரில் இப்படி ஒரு படத்தை நம்பி, போர்வை விற்க வந்தவனைக் கட்டிவைத்து அடித்ததில் அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. கனகசபைக்கும் அது தெரியும். அதனால்தான் கேட்கலாம் என்று வந்ததாகச் சொன்னார்.

"கேட்கவா வந்தீர்?"

கனகசபை தரையைப் பார்த்தார். விளக்கு நேரத்தில் தானாக வெளியாகும்படி மத்தியானமே பேசிப் பதிந்து வைத்துவிட்டதை ஒப்புக்கொண்டார். சாமி வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தம்பிரான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து, மேல்துணியை எடுத்துக்கொண்டார்.

"வாரும். தெருவுக்குப் போவோம்."

அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் சாமி கூப்பிடுகிறார் என்று கனகசபை நினைத்தார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பின்னாலேயே நடந்தார்.

மேலமடவிளாகத்துக்கு அவர்கள் வந்தபோது பொழுது அடங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் இந்நேரம் சாம்பிராணி வாசமும் பேச்சுச் சத்தமும் தெரு முழுக்க இருக்கும். இப்போது நாய்கூட இல்லை. இரண்டு பக்கமும் கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் மரக்கதவு. சன்னல்களில் மட்டும் நீலமாக வெளிச்சம் அசைந்தது.

"இங்கேயே நில்லும். பேச வேண்டாம்" என்றார் தம்பிரான்.

கனகசபை விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றார். தம்பிரான் மேல்துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டார். முதல் வீட்டுக்குப் போய், மூடிய கதவின் முன்னால் நின்றார். தட்டவில்லை. கூப்பிடவில்லை. கை இரண்டும் துணிக்குள் இருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

கனகசபைக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. தம்பிரான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தபோது, படத்தில் கண்ட அதே நடை என்று தெரிந்தது.

அந்திப் பிட்சை. மடத்தின் பழைய முறை. விளக்கு நேரத்தில் முகம் மூடி, திருவோட்டைத் துணிக்குள் மறைத்து, ஐந்தெழுத்து ஓதி முடிக்கும் மட்டும் ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டும். கேட்கக் கூடாது. திறந்த வாசலிலிருந்து யாராவது பார்த்து இட்டால் வாங்கிக்கொள்ளலாம். இந்த முறை நின்றுபோய்ப் பல காலமாயிற்று என்று கனகசபையே ஒருநாள் செய்தியில் வருத்தப்பட்டிருந்தார். யாரிடமும் சொல்லாமல் தம்பிரான் அதை மறுபடி தொடங்கியிருக்கிறார்.

கனகசபை வாயைத் திறக்கப் போனபோது முதல் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வணக்கம். நான் உங்கள் கனகசபை."

எதிர்வீட்டிலிருந்தும் அதே குரல், அரைச் சொல் பின்தங்கி. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்தது. தெரு நெடுக மூடிய கதவுகளுக்குப் பின்னால் அவரே பேசிக்கொண்டிருந்தார். ஒரு குரல் முடிக்கும் வார்த்தையை இன்னொன்று தொடங்கியது. தெருவில் நின்ற கனகசபை வாயை மூடிக்கொண்டிருந்தார்.

கைபேசியை எடுத்துத் தம் பதிவை அழித்தார். உள்ளே குரல் நிற்கவில்லை. அதற்குள் அதை எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்தார்கள்.

"போலீஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்" என்றது அவர் குரல்.

ஒரு சன்னல் திரை விலகியது. தாழ்ப்பாள் விலகும் சத்தம். மரக்கடை தெய்வநாயகம் கையில் கடப்பாரையோடு வெளியே வந்தார். அடுத்து இரண்டு பேர். பிறகு எந்தக் கதவிலிருந்து யார் வந்தார்கள் என்று தெரியவில்லை. எல்லாரும் தெரிந்த முகங்கள்தான். கடைக்கு வருகிறவர்கள், தேர் இழுக்க வருகிறவர்கள். தம்பிரான் திரும்பவில்லை. ஓதி முடியவில்லைபோலும்.

கனகசபை ஓடிப்போய் நடுவில் நின்றார்.

"யாரும் கிட்ட வராதீங்கய்யா. இது நம்ம தம்பிரான் சாமி."

"அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க" என்றார் தெய்வநாயகம். "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை. நாங்க பாத்துக்கிடுதோம்."

"நான் தப்பாச் சொல்லிட்டேன் தெய்வநாயகம். ஆளு தெரியாமச் சொல்லிட்டேன்."

"அண்ணாச்சி தப்பாச் சொல்ல மாட்டாரு" என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல். "அவன் என்னமோ மிரட்டியிருக்கான். அவர் முகத்தைப் பாருங்க, எப்படி வெளுத்துக் கெடக்கு."

திறந்த கதவுகள் வழியாக இப்போது அவர் குரல் தெளிவாகக் கேட்டது. யார் வந்து என்ன சமாதானம் சொன்னாலும் நம்ப வேண்டாம் என்று அது நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் சிலர் அந்தக் குரலுக்குத் தலையாட்டினார்கள். எதிரில் நிற்கிறவரை யாரும் பார்க்கவில்லை.

கடப்பாரை உயர்ந்தது. கனகசபை கையை விரித்தார். அடி அவர் தோளில் விழுந்தது. சரிந்தவர் பிடிக்க எதுவுமில்லாமல் தம்பிரானின் துணியைப் பற்றினார். துணி நழுவியது.

தம்பிரானின் முகம் தெருவிளக்கில் தெரிந்தது. உருத்திராக்கமும், கையில் ஏந்திய வெறும் ஓடும் தெரிந்தன.

தெய்வநாயகம் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒருவர் கும்பிட்டார். ஒருவர் கனகசபையைத் தூக்கிவிட்டார். சாமி மன்னிக்கணும் என்று யாரோ முனகினார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கதவுகள் மூடிக்கொண்டன. தாழ்ப்பாள்கள் விழும் சத்தம் தெருமுனை வரைக்கும் போய் நின்றது. ஓட்டில் ஒரு பிடி அரிசி போட யாருக்கும் தோன்றவில்லை.

தம்பிரான் மீதியிருந்த வீடுகளின் முன்னாலும் ஒவ்வொன்றாக நின்று முடித்தார். தோளைப் பிடித்துக்கொண்டு கனகசபை கம்பத்தடியில் காத்திருந்தார்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். மடத்து வாசல் தெரிந்த பிறகுதான் கனகசபைக்கு வாய் வந்தது.

"அந்தப் படத்தைக் காட்டினப்பவே, அது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சாமி? சொல்லியிருந்தா அப்பவே அழிச்சிருப்பேனே."

தம்பிரான் நின்றார். வலிக்கும் தோளில் கை வைத்தார்.

"அது நானாக இல்லாமல் இருந்திருந்தால்?"