வெள்ளப் பறை அடித்த நாள்

முன்னொரு காலத்தில் கரும்பாற்றங்கரை நாட்டைச் சூடாமணிவர்மன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் நினைத்தது நினைத்தபடி நடக்கவேண்டும். மழை வந்தால் அவனுக்கு மனம் சோர்ந்துவிடும். அமைச்சர் ஏகம்பர் கதை சொல்லிச் சிரிக்கவைக்கும்வரை சபையிலிருந்து ஒருவரும் எழக்கூடாது.

சபையையே சிரிக்கவைத்த ஏகம்பருக்கு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. முன்பு வந்த வெள்ளம் அவர் மனைவியையும் மகளையும் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு பரண் நிறைய அவல், சாடிகளில் குடிநீர், மருந்துப் பொட்டலம், நீளக் கயிறு என்று சேர்த்துக்கொண்டே இருந்தார்.

தளவாய் சேந்தனாருக்கு அமைச்சர்மேல் பொறாமை. சும்மா இருப்பாரா? ஒற்றை ஆளுக்கு இவ்வளவு அவல் எதற்கு, கலகக்காரர்களுக்குச் சோறு போடத்தான் என்று அரசனிடம் வத்திவைத்தார். அரசன் கொதித்துப்போனான். வீட்டை இடித்து ஏகம்பரை நாடுகடத்தப் போவதாகச் சொன்னான்.

ஏகம்பருக்கு மகள் ஓடியாடிய இடம் என்று மிச்சமிருப்பது அந்த வீடு ஒன்றுதான்.

"வெள்ளம் வருகிறதென்று ஊரை மேட்டுக்கு அழைக்கும் வெள்ளப் பறையை இப்போதே அடிக்கச் சொல்லுங்கள், அரசே. நானும் தளவாயும் இங்கேயே இருக்கிறோம். யார் வீட்டிலிருந்து முதலில் ஆட்கள் அரண்மனை மேட்டுக்கு வருகிறார்கள் என்று பார்ப்போம்," என்றார்.

"இவர் வீட்டில் வருவதற்கு யார் இருக்கிறார்கள்?" என்று சேந்தனார் சிரித்தார். அந்தப் பேச்சு ஏகம்பருக்குச் சுருக்கென்று தைத்தது.

பறை முழங்கியது. கொஞ்ச நேரத்தில் ஏகம்பரின் தெரு மொத்தமும் மேடேறி வந்தது. முடியாதவர்களைக் கயிறு பிடிக்கவைத்து ஏற்றிவந்தார்கள். தலையில் அவல் மூட்டை, இடுப்பில் தண்ணீர்ச் சாடி. அமைச்சர் வீட்டுக்குப் பூட்டே கிடையாது, எது எங்கே இருக்கிறதென்று தெருவுக்கே காட்டிவைத்திருக்கிறார் என்று முன்னால் வந்த பெண் சொன்னாள்.

"தளவாய் சொன்ன கலகக்காரர்கள் இவர்கள்தான், அரசே," என்றார் ஏகம்பர்.

சேந்தனார் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அந்த நாட்டுப் பெரிய மனிதர்கள், திருடனுக்குப் பயந்து வாசலை வெளியே பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டுதான் சபைக்கு வருவார்கள். கொத்து எவ்வளவு கனமோ அவ்வளவு மதிப்பு! இது தெரிந்துதான் ஏகம்பர் பறையடிக்கச் சொன்னார். போய்ப் பார்த்துவந்த காவலன், தளவாயின் மனைவி மக்கள் உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். சேந்தனாரின் கை இடுப்புக்குப் போனது. முகம் செத்துப்போய், அத்தனை பேர் பார்க்க, சாவியோடு வீட்டுக்கு ஓடினார்.

வீட்டை இடிக்கும் பேச்சு அதோடு போயிற்று. அரசன் கூச்சத்தோடு, என்ன பரிசு வேண்டுமோ கேட்கச் சொன்னான்.

"மேகம் கறுத்தால் சபை கலையவேண்டும், அரசே. வெள்ளம் வந்த அன்றைக்கு உங்களைச் சிரிக்கவைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனபோது, தெருவில் கழுத்தளவு தண்ணீர்."

அரசன் சம்மதமாகத் தலையை ஆட்டினான்.

ஐப்பசியில் முதல் மேகம் கூடியதும் சபை கலைந்தது. எல்லோரும் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். ஏகம்பர் மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீர் போகவில்லையா?" என்றான் அரசன்.

"என்னை எதிர்பார்த்து யாரும் இல்லையே, அரசே."

அரசன் சிம்மாசனத்தைவிட்டு இறங்கிவந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மழை விடும்வரை அங்கேயே இருந்தான்.